சிவப்புச் சட்டைப் பொடியன்

இல்லை அக்கா, அந்தப் படத்தில நிக்கிறது பொம்பிளைப் பிள்ளை இல்லை, பொடியன். மெய்யாத்தான் சொல்லுறன். நானும் முதல் வந்தண்டைக்கு உங்களைப் போலதான் நினைச்சனான். என்ன வடிவான பெட்டைக்குஞ்சு, சிவப்புச் சட்டையும் சிவப்புச் சப்பாத்தும், கீழ வெள்ளை லேசும் எண்டு வாயைப் பிளந்துகொண்டு நிண்டனான். கையைப் பாருங்கோ. என்ன வச்சிருக்குது? கம்பு இல்லை அக்கா, சவுக்கு. குதிரைக்கு அடிக்கிற சவுக்கு. பெட்டையள் எண்டால் கையில பொம்மையோ செரிப்பழமோ குடுத்துத்தான் கீறுவினமாம். பொடியளுக்குச் சவுக்கு, சுத்தியல், மரக்குதிரை, இப்பிடி ஏதாவது. பிறகு தலையைப் பாருங்கோ, உச்சி பக்கத்தில பிரிச்சிருக்கு. பெட்டையளுக்கு நடுவிலயாம்.

அந்தக் காலத்து அமெரிக்காவில எல்லாப் பொடியளுக்கும் சின்னனில பெட்டையளின்ர மாதிரி நீளச் சட்டைதானாம். அஞ்சு வயசோ ஆறு வயசோ வரைக்கும். வேறென்ன, அடிக்கடி ஈரமாக்கினால் மாத்துறது லேசு. பிறகு ஒரு நாளைக்குக் களுசான், அதுதான் காற்சட்டை, போட்டுவிடுவினமாம், அதுக்கொரு கொண்டாட்டமாம். எங்கட ஆக்களாயிருந்தால் அதுக்கும் ஒரு ஹோல் எடுத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, வீடியோ எடுத்திருப்பினம்.

எழும்பாதையுங்கோ, இருங்கோ. முழங்கால் நோகுது எண்டு இப்பதானே சொன்னனீங்கள். இந்த வாங்கு ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும். உங்கட மருமகளும் பேரப்பிள்ளையளும் கீழ கேக் சாப்பிட்டு முடிச்சுத்தானே வருவினம். அந்தச் சின்னவர் ஓடி வந்து படத்தைத் தொட்டிட மாட்டார் என்ன? இல்லை, ஏன் கேக்கிறன் எண்டால், முந்தியொருக்கா ஒரு பிள்ளை விரலைக் கிட்டக் கொண்டு போக, அலாரம் கூ எண்டு சத்தம் போடத் துவங்கீட்டுது. நான் இந்த மூலையில நிக்கிறன், தொட்டது அந்தப் பிள்ளை, வேர்த்தது எனக்கு.

எனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும் எண்டோ? எனக்கென்ன தெரியும் அக்கா, நான் எட்டாம் வகுப்போட நிண்ட ஆள். இந்த மியூசியத்தில ஒரு கைட் பிள்ளை இருக்குது, அது சொல்லித்தான். நிரோஜினி எண்டு பேர். ஓம், தமிழ்ப் பிள்ளைதான். நிரோஜினி. நெஞ்சில பேர் அட்டை குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில ரெண்டு மணிக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு படமா விளங்கப்படுத்தும். நீங்களும் இருந்து கேளுங்கோவன். டெனிஸ் பாசையிலதான், ஆனா ஆறுதலாக் கதைக்கும். என்ர டெனிஸ் பக்ரறி டெனிஸ், பெட்டி, லேபல், கெதியாச் செய் எண்ட அளவுதான். எனக்கே விளங்குது எண்டால் பாருங்கோவன்.

ஆற்ற பிள்ளையோ? அது எனக்கு வடிவா... இந்தப் பக்கத்துப் பிள்ளைதானாக்கும். பாத்தீங்களோ, எங்கட ஆக்களுக்கு ஒரு பேரைக் காதில போட்டால் அடுத்த கேள்வி அதுதான். நானும் அப்பிடித்தான், உங்களைச் சொல்லேல்லை.

நான் கிரின்ஸ்டெட்டில இருந்து. நீங்கள்? ரண்டர்ஸோ. அங்க கனபேர் இருக்கினம் என்ன? கோயிலுக்குப் போறனீங்களோ? ஓமோம், பிறகென்ன, எல்லாரையும் தெரிஞ்சிருக்கும். நல்லது. இல்லை, சும்மா கேட்டனான். பஸ்ஸோ? கிரின்ஸ்டெட்டில பஸ்ஸை நம்பினால் பொங்கலுக்கு வெளிக்கிட்டுத் தீபாவளிக்குத்தான் இந்தக் கோல்டிங் வந்து சேரலாம். கார்தான். நானேதான் ஓடுறன். பயந்து பயந்து ஓடுறன், ஆனா ஓடுறன். கார்க் கண்ணாடியில வைக்கிற பார்க்கிங் தட்டில நேரம் சரியா வச்சனோ எண்டு இப்பவும் யோசனையாக் கிடக்கு. காருக்குப் பின்னுக்கு மீன் வேற இருக்கு.

ஓம், மீன். இஞ்ச தமிழ்க் கடைக்கு ஞாயிற்றுக்கிழமையிலயும் போகலாம். வீட்டில மீன் வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தால் மீன் வாங்கத்தானே வேணும். மியூசியத்துக்குப் போறன் எண்டு சொன்னால் இவர் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போயிடுவார். அதால முதல்ல கடை, பிறகு இஞ்ச. இப்ப எங்கட பிறீசரில கை வைக்க இடமில்லை அக்கா. அறக்குளா, பாரை, றால், கணவாய். மூடி பூட்டுப்படாமல் மேல அரிசிச் சாக்கைத் தூக்கி வச்சிருக்கிறன். போன கிழமை இவர் கேட்டார், என்னப்பா, கப்பல் ஏதும் வாங்கப் போறியோ எண்டு. இண்டைக்கும் பாரை ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன். குளிர்தானே, மூண்டு மணி வரைக்கும் தாங்கும். தாங்குமோ? ஐஸ் போட்டுத்தான் கட்டித் தந்தவன்.

இந்தப் படங்கள் இண்டையோட சரியாம் அக்கா. நாளைக்குக் கழட்டிப் பெட்டியில போட்டு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பீடுவினமாம். பாவம், இவ்வளவு தூரம் வந்து. அந்தக் கைட் பிள்ளைக்கும் இதோட இஞ்ச வேலை முடியுதாம். படங்கள் இருக்கும் மட்டும்தான் எடுத்தவையாம். அதாலதான் இண்டைக்கு எப்பிடியும் வரவேணும் எண்டு வந்தனான். ஒரு வேலை செய்ய வேணும். காலமை எழும்பினதில இருந்து மூண்டு தரம் உடுப்பு மாத்தினனான். சாப்பிடவும் இல்லை. இல்லையில்லை, வருத்தம் ஒண்டும் இல்லை, எனக்கு எதுக்கெண்டாலும் இப்பிடித்தான். பக்ரறியில மிசின் நிண்டாலும் நான்தான் நிப்பாட்டினதோ எண்டு பயப்பிடுற ஆள் நான்.

நீங்கள் அந்தப் புருசன் பெஞ்சாதியைப் பாத்தனீங்களோ? அந்தா, ரெண்டு தனித்தனிச் சட்டம். சேர்த்துக் கீறாமல் ஏன் பிரிச்சுக் கீறினவை எண்டு எனக்கு முதல் விளங்கேல்லை. சண்டையாக்கும் எண்டு நினைச்சன். அப்பிடித்தான் வழக்கமாம், ஒருவரை ஒருவர் பாக்கிறமாதிரித் திருப்பிக் கொழுவுறது. அந்த மனிசி புத்தகத்துக்க விரலை வச்சுக்கொண்டு இருக்கிறாவே, பாருங்கோ. படிச்ச ஆள் எண்டு காட்டவாம். எனக்கெண்டால், இப்பதான் ரெண்டு வரி வாசிக்கத் துவங்க உள்ளுக்க குழந்தை எழும்பி அழுதிட்டுது, விட்ட இடம் தெரியாமப் போயிடும் எண்டு விரலை வச்சுக்கொண்டு இருக்கிறா மாதிரித்தான் கிடக்கு. முகத்தைப் பாருங்கோவன், எரிச்சலை.

இதைக் கீறினவங்கள் பெரிய ஓவியர் இல்லையாம் அக்கா. ஊர் ஊராப் போறவங்களாம். ஒரு வீட்டில போய்த் தங்கி, அங்கயே சாப்பிட்டு, அந்த வீட்டு ஆக்கள் எல்லாரையும் கீறிப்போட்டு, அடுத்த வீட்டுக்குப் போறது. இடையில கடைக்குப் பெயர்ப்பலகையும் எழுதுவாங்களாம். எங்கட கலியாண வீட்டு வீடியோக்காரர்தான். வருவினம், முதல் பந்தியிலயே சாப்பிடுவினம், பிறகு எங்களை அங்க திரும்புங்கோ, இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ எண்டு உயிரை வாங்குவினம். சட்டை, லேஸ், பொத்தான் எல்லாம் என்ன வடிவாக் கீறியிருக்கிறான். கையைப் பாருங்கோ. முள்ளுக்கரண்டி. கை கீற வராதாம் அவையளுக்கு. அதுதான் முக்கால்வாசிப் பேற்ற கையை எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள். அந்தப் பூனையையும் பாருங்கோ, பூனைக்கு எங்கட கோயில் தலைவற்ற முகம். சிரிக்காதையுங்கோ அக்கா, அந்தக் கண்ணாடிக்காரி பாக்கிறா. காவல் மனிசி. ஒருக்கா நான் தும்மினதுக்கே பாத்தவ.

அந்தக் கப்டனைக் கண்டனீங்களோ? கன்னத்தில அவ்வளவு மீசை, கையில தூரக் கண்ணாடி, பின்னுக்கு யன்னலுக்கால கப்பல். அவரும் சின்னனில சட்டை போட்டவர்தானாம். நிரோஜினி சொல்லும் அதை. சொல்லேக்க எல்லாரும் ஒருக்கால் கப்டனைப் பாத்து, திரும்பிப் பொடியனைப் பாத்து, சிரிப்பினம். எனக்கு அது நல்ல விருப்பம்.

ஐயோ, போன். ஒரு நிமிசம் அக்கா, இவர்தான். ம், சொல்லுங்கோப்பா. கடையிலதான். சனம். ஓம், வரிசை. சத்தம் கேக்கேல்லையோ? சனம் அமைதியா நிக்குதப்பா, டென்மார்க்தானே. விளைமீன் இல்லையாம், பாரைதான். முருங்கைக்காயும் எடுத்திட்டன். சோறு அந்தச் சட்டிக்க இருக்கு, மைக்ரோவேவில வச்சுச் சூடாக்குங்கோ. மூடியோட வைக்காதையுங்கோ, வெடிக்கும். சரி. சரி, வைக்கிறன்.

பாத்தீங்களோ, பொய் எவ்வளவு லேசா வருது. முந்தி எனக்கு இப்பிடி வராது. பாலேந்திரா எண்டு இவருக்குப் பேர். கெட்ட மனிசன் இல்லை அக்கா. கோயில் சபையில இருக்கிறார், நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டுதான் எப்பவும் யோசினை. நானும் யோசிக்கிறனான்தான், ஆனா எனக்கு நாலு பேரைத் தவிர வேற யோசினையளும் இருக்கு.

பிள்ளையளோ? ஒண்டுதான். ஒரு பிள்ளை. வீட்டில இல்லை. இருங்கோ, உங்களுக்கு ஒண்டு காட்டுறன். கைப்பைக்குள்ளதான் கொண்டு திரியிறனான். எங்க போட்டன்? கார்த் திறப்பு இருக்கு... ஆ, இஞ்ச. பாருங்கோ.

வடிவான பெட்டையோ? பாத்தீங்களோ, திரும்பவும் பிழைவிட்டிட்டீங்கள். இது என்ர சுஜன். ரெண்டு வயசு. மஞ்சள் சட்டை, தலையில கிளிப், கன்னத்தில நாவூறு படாமல் கறுப்புப் பொட்டு. ஓமோம், எங்கட ஆக்களின்ர வழக்கம்தானே. உங்கட வீட்டிலயும் செய்தனீங்களோ? மகனுக்கோ? அதுதானே, எந்த வீட்டு அல்பத்தைத் திறந்தாலும் ஒரு பொடியன் சட்டையோட நிக்கும், பூவும் வச்சு, பொட்டும் வச்சு. சட்டை என்ர இல்லை, மேல் மாடியில இருந்த பிரியந்தியின்ர மகளின்ர. ஒரு ஆசைக்குத்தான் போட்டது. படம் எடுத்தது ஆர் தெரியுமோ? இவர்தான். புதுக் கமெரா வாங்கின புதுசு. சோபாவில தூக்கி நிப்பாட்டி, இஞ்ச பார் ராசாத்தி, இஞ்ச பார் ராசாத்தி எண்டு அவர்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்தவர். விழுந்து விழுந்து சிரிச்சதும் அவர்தான்.

இந்தப் பொடியன்ர கழுத்தையும் பாருங்கோ, சிவப்பு மணி. பவளமாம். பிள்ளைக்கு வருத்தம் ஒண்டும் வராமல் போடுறதாம். எங்கட கறுப்புப் பொட்டு மாதிரித்தான். நான் முதல் நாள் இந்தப் படத்தைக் கண்டவுடன கைப்பையைத்தான் திறந்து பாத்தனான் அக்கா. சட்டை, மணி, அந்த நிக்கிற நிலை. கைப்பையில இருக்கிறதை ஆரோ பெருசாக்கிக் கொழுவிவிட்டமாதிரி.

இந்தப் படத்தால எங்கட வீட்டில நடந்த சண்டை கொஞ்ச நஞ்சம் இல்லை. ஏனோ? அது பெரிய கதை, விடுங்கோ. இல்லை, படத்தைத் தர வேண்டாம், நீங்களே வச்சிருங்கோ கொஞ்ச நேரம்.

நான் எப்பிடி இஞ்ச வரத் துவங்கினன் எண்டோ? பக்ரறியில என்னோட ஒரு டெனிஸ் பெட்டை வேலை செய்யுது, ஸ்ரெபானி எண்டு. அது ஒரு நாள் இடைவேளைக்குள்ள போனைக் கொண்டு வந்து நீட்டிச்சுது, இஞ்ச பார் யோகமலர், இது உன்ர சொந்தமோ, உன்ர மூக்கு அப்பிடியே இருக்கு எண்டு. மியூசியம் போட்ட படம். அமெரிக்கப் படங்களும், முன்னால கைட் பிள்ளையும். நான் தேத்தண்ணியைக் கையில வச்சுக்கொண்டு... ஓம் அக்கா, யோகமலர் எண்டுதான் என்ர பேர். மூக்கோ? மூக்கு ஆருக்குத்தான் இல்லை. கதையைக் கேளுங்கோ.

அந்த ஞாயிறே வந்திட்டன். இந்தத் தூணுக்குப் பின்னாலதான் நிண்டனான். அடுத்த ஞாயிறும். அதுக்கு அடுத்ததும். முன்னுக்குப் போறேல்லை. டெனிஸ் ஆக்கள் நல்ல உயரம்தானே, ஒளிச்சு நிக்கலாம். பிள்ளை நல்லா மெலிஞ்சு போச்சு. அதாவது, அந்த ஸ்ரெபானி காட்டின படத்தைவிட மெலிவு எண்டு சொல்லுறன். தொண்டையும் சரியில்லை. கதைச்சுக் கதைச்சு இருமும். ஒருக்கா மல்லித் தண்ணி போத்திலில கொண்டு வந்தனான். உள்ள விடமாட்டினமாம், பை வைக்கிற பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டச் சொல்லிப்போட்டினம். திரும்பிப் போகேக்க நானே குடிச்சுக்கொண்டு போனன்.

போன ஞாயிறு என்ன நடந்தது தெரியுமோ? நான் வழக்கம்போல தூணுக்குப் பின்னால. நிரோஜினி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. வந்து, எல்லாரையும் இந்தப் படத்துக்கு முன்னால நிக்கச் சொல்லிப்போட்டு, அந்தச் சுவரில கொழுவியிருக்கிற மடக்குக் கதிரையில ஒண்டைக் கழட்டி, விரிச்சு, கொண்டு வந்து தூணடியில வச்சுப்போட்டுப் போச்சுது. என்னைப் பாக்கவும் இல்லை. எனக்கு இடுப்பு நாரி நோகிறது... வயசு போன ஆக்களுக்கு அப்பிடி வைக்கிறவையாக்கும். நான் வயசு போன ஆள் மாதிரியோ இருக்கிறன்? சரி, விடுங்கோ.

என்ன? ஆருக்கு? உங்கட தங்கச்சியின்ர மகனுக்கோ? சுபாங்கன். நல்ல பேர். ஓர்குஸில இஞ்சினியரோ. வீடும் வாங்கியிட்டாரோ. குடி, சிகரெட் ஒண்டும் இல்லை எண்டுறியள். படிச்ச பெட்டையாத் தேடுறியளோ. ஐயோ அக்கா, நீங்கள் பிள்ளையை இன்னும் காணவே இல்லை, அதுக்குள்ள கலியாணம் பேசுறியள். நான்தான் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லி உங்களுக்கு ஆசையைக் கிளப்பிவிட்டிட்டன் போல. தாய் தேப்பனைப் பிடிச்சுத் தரச் சொல்லுறியளோ? நானோ? அது... அக்கா, மணி என்ன? ரெண்டாகப் போகுதோ?

எனக்குத் தண்ணி விடாய்க்குது. எழும்பிப் போயிடுவமோ எண்டும் கிடக்கு. பார்க்கிங் முடிஞ்சிருக்கும், மீனும் உருகும். இல்லை, போக மாட்டன். கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ ஒருக்கா. குளிர்ந்து போய்க் கிடக்கு என்ன? எனக்கு எப்பவும் இப்பிடித்தான், சோதினைக்கு முதலும் இப்பிடித்தான், அதுதான் எட்டாம் வகுப்போட நிண்டது. பகிடி, பகிடி.

அந்தா, கேக்குதோ? பக்கத்து அறைக்கு வந்திட்டினம். அந்தக் குரல்தான். ஊர் ஊராப் போய்ப் படம் கீறினவங்களைப் பற்றிச் சொல்லுது. அதுக்குப் பிறகு இந்த அறைதான்.

அக்கா, நீங்கள் உங்கட தங்கச்சியின்ர பொடியன்ர கதையெல்லாம் சொல்ல நான் பேசாமக் கேட்டுக்கொண்டிருக்கிறது சரியில்லை. அது என்ர பிள்ளை. ஓம். நான்தான் தாய். இப்ப மூக்கைப் பாருங்கோ. இல்லை, பொய் சொல்லேல்லை, எனக்கு ஒரு பிள்ளைதான். உங்கட கையில இருக்கிற படத்தில நிக்கிறது பொடியன் இல்லை அக்கா. நாங்கள் அப்பிடி நினைச்சிட்டம். நாங்கள் வச்ச பேர்தான் சுஜன். பிள்ளை தானே தனக்குத் தெரிஞ்செடுத்த பேர் நிரோஜினி.

வாயைத் திறந்தபடி இருக்காதையுங்கோ, மூச்சை விடுங்கோ. நானும் அப்பிடித்தான் இருந்தனான், நாலு வருசத்துக்கு முதல், எங்கட குசினியில வந்து நான் உங்கட மகள் எண்டு பிள்ளை சொன்னண்டைக்கு. இவர் ஒரு சத்தம் போட்டார், பிள்ளை ஒரு பையோட வெளிக்கிட்டுது. மாமி, இவற்ற தாய், ஜேர்மனியில இருந்து போன் எடுத்து, நீ சட்டை போட்டுப் பழக்கினபடியால்தான் இப்பிடி வந்தது எண்டா. இவரும் அதையே பிடிச்சுக்கொண்டார். படம் எடுத்த மனிசன். ராசாத்தி எண்டு கூப்பிட்ட மனிசன். இந்தப் படத்தைச் சுவரில இருந்து கழட்டிக் குப்பையில போட, நான் எடுத்துத் துடைச்சுப் பைக்குள்ள வச்சனான். எல்லாரும் சொல்லச் சொல்ல நானும் அப்பிடித்தானாக்கும் எண்டு நம்பீட்டன் அக்கா. எங்க தவறு வந்தாலும் முதல் கையைத் தூக்குற ஆள்தானே நான்.

போன ஞாயிறு, கதிரையை வச்சுப்போட்டு, இந்தச் சிவப்புச் சட்டையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கேக்க, ஒரு டெனிஸ் கிழவர் கேட்டார், இப்பிடிச் சட்டை போட்டுவிட்டால் பொடியள் குழம்பிப் போகாதோ எண்டு. பிள்ளை சிரிச்சுது. சிரிச்சுப்போட்டுச் சொன்னது, என்ர அம்மாவும் எனக்கு ஒருக்கா மஞ்சள் சட்டை போட்டுவிட்டவ, பிறகு எல்லாரும் அம்மாவில பழியைப் போட்டினம், பாவம் அம்மா, ஒரு சட்டை ஒருத்தரையும் ஒண்டாவும் ஆக்கிறேல்லை, அந்தக் கப்டனைப் பாருங்கோ எண்டு. இருபது பேருக்கு முன்னால. டெனிஸில. நான் தூணுக்குப் பின்னால அந்தக் கதிரையில இருக்கிறன். என்ர பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அந்த இடத்திலயே சத்தம் போட்டு அழுதிருப்பன், அது அதுக்குத் தெரியும்.

எனக்கு எல்லாம் விளங்கீட்டுது எண்டு நான் சொல்ல மாட்டன். இன்னும் கன விசயம் விளங்கேல்லை. ஆனா சட்டை இல்லை எண்டது விளங்கீட்டுது.

ஏன் நாலு வருசமா ஒரு போன்கூட எடுக்கேல்லை எண்டு கேக்கிறியளோ? எடுத்து எடுத்து வச்சனான் அக்கா. எடுத்தவுடன பேர் சொல்லிக் கூப்பிட வேணுமெல்லோ. பழைய பேர் வாயில வந்திடும், வந்தால் அதோட பிள்ளை வச்சிடும் எண்ட பயம். பழகலாம் எண்டால் வீட்டில இவர். பக்ரறியில மிசின் சத்தத்துக்க சொல்லிப் பாத்தன். கார் ஓடேக்க சொல்லிப் பாத்தன். ஒரு மனிசருக்குச் சொல்லிப் பாக்கேல்லை. எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும். இண்டைக்கு வந்தால் நீங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு இந்த வாங்கில இருக்கிறியள், பொட்டும் வச்சுக்கொண்டு. கடவுள்தான் அனுப்பினது எண்டு நினைச்சன். வந்து இருந்ததில இருந்து எத்தினை தரம் நிரோஜினி நிரோஜினி எண்டு சொல்லியிருப்பன். ஒருக்காலாவது தடக்கினதோ? சொல்லுங்கோ. இல்லைத்தானே?

நீங்கள் ரண்டர்ஸ் போய்ச் சேர முதல் காருக்குள்ளயே மருமகளுக்குச் சொல்லுவியள். பிறகு தங்கச்சிக்கு. பிறகு கோயிலுக்கு. சொல்லுங்கோ அக்கா, நான் கோவிக்கேல்லை. இவற்ற காதுக்கும் வரும், வரட்டும். நான் சொன்னால் ரீவியின்ர சத்தத்தைக் கூட்டுவார், ஊரார் சொன்னால்தான் இருந்து கேப்பார். பேரை மட்டும் சரியாச் சொல்லுங்கோ.

வந்திட்டாள். அந்தா, அந்தப் பச்சைச் சால்வை. வடிவா இருக்கிறாள் என்ன? தூணடியில தேடுறாள், பாருங்கோ, கதிரையையும் கையில வச்சுக்கொண்டு.

போன் அடிக்குது. அடிக்கட்டும். படத்தைத் தாங்கோ. கண்ணாடிக்காரி பாத்தால் பாக்கட்டும், ஒருக்கால்தானே.

நிரோஜினி! இஞ்சால பிள்ளை, அங்க இல்லை. கதிரையை இஞ்ச கொண்டு வா. அம்மா இண்டைக்கு முன்னுக்கு இருக்கப் போறன்.